லோரி கொதித்தால் என்ன செய்வது?

(தைப்பிங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் சிறு லோரி ஓட்டுநர்களுக்கும் ஆற்றிய உரை)



இன்று நான் சம்பளப் பேச்சு வார்த்தையைப் பற்றிப் பேச வரவில்லை. ஒரு சிறு லோரியின் வயிற்றுக்குள் ஓடும் ஆறேழு லிட்டர் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது என்ன அற்ப விஷயம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. அந்தத் தண்ணீர் குறைந்தால் இயந்திரம் போகிறது. இயந்திரம் போனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணைகிறது. ஆத்திரப்பட்டு மூடியைத் திறந்தால் முகமும் கையும் வெந்துபோகின்றன.

நம் நிலைமை உங்களுக்குத் தெரிந்ததே. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளிலிருந்து வளர்ந்த தொழில், நம் முன்னோர்களைக் கடல் கடந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது. பின்னர் ரப்பர்க் காடுகள் பல செம்பனைக் காடுகளாக மாறின. சில தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயின. லயத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர், கைக்கு வந்த தொகையைப் போட்டு ஒரு பழைய லோரியை வாங்கினார்கள். கோலா செப்பேத்தாங்கிலிருந்து மீன் ஏற்றுகிறவர்கள், சந்தைக்குக் காய்கறி கொண்டு போகிறவர்கள், செம்பனைக் குலை ஏற்றுகிறவர்கள், பழைய இரும்பு வாங்குகிறவர்கள் என்று நம்மவர்கள் எத்தனையோ பேர். வேறு சிலர் முதலாளியின் லோரியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள். அன்று பால் வெட்டுங் கத்தி எப்படியோ, இன்று லோரி அப்படி. கத்தியைத் தீட்டாமல் நாம் காட்டுக்குப் போனதில்லை. லோரியை மட்டும் பார்க்காமல் கிளப்பலாமா?

சூடு எங்கிருந்து வருகிறது?

எரியும் எண்ணெயின் முழுச் சக்தியும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியே போகிறது. மிச்சமுள்ள பங்கில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு, மறுபடியும் இயந்திரத்துக்குத் திரும்புகிறது. காண்டாவாளியில் பாலைச் சுமந்து கொட்டாயில் ஊற்றிவிட்டு மீண்டும் நிரைக்குத் திரும்பும் தொழிலாளியைப் போன்றது அது. அந்த நடை ஒரு நிமிஷம் நின்றாலும் சூடு குவிந்துவிடும்.

நம் தைப்பிங்குக்கு இயந்திரமும் தண்ணீரும் புதிதல்ல. இந்நாட்டின் முதல் ரயில் இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு, அதாவது இன்றைய கோலா செப்பேத்தாங்குக்கு, 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி ஓடியது. அது நீராவி ரயில். தண்ணீர் கொதித்தால்தான் அதற்கு வேலை. நம் லோரிக்கோ தண்ணீர் கொதித்தால் நோய். தண்ணீர் தண்ணீராகவே சுற்றிவர வேண்டும். ஆவியாகிவிட்டால் சூட்டை அதனால் சுமக்க முடியாது.

"நமது ஊரில் மழைக்குக் குறைவில்லையே, இங்கே லோரி கொதிக்குமா?" என்று சிலர் கேட்கிறார்கள். மழை சாலையைக் குளிர்விக்கும். ஒழுகும் குழாயை அடைக்காது. அது மட்டுமல்ல, மழைச்சேறு ரேடியேட்டரின் முகத்தில் அப்பி, காய்ந்து, காற்றை மறித்துவிடுகிறது.

சூட்டில் மூடியைத் திறக்காதே

தண்ணீர் திறந்த பானையில் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியில் ஒரு சுருள்வில் இருக்கிறது. அது உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மூடியின் மேல் 0.9 என்று பொறித்திருந்தால், அந்த அழுத்தத்தில் வெறுந்தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் சற்று மேலே போகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். உள்ளே 110 டிகிரியில் தண்ணீர் இருக்கிறது. மூடி இருப்பதால்தான் அது அடங்கியிருக்கிறது. நீங்கள் மூடியைத் திருகிய அந்தக் கணத்திலேயே அழுத்தம் விழுகிறது. தண்ணீரில் ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் முழுதும் ஆவியானால் ஏறத்தாழ 1,600 லிட்டர் இடம் கேட்கும். அதில் சிறு பகுதி ஆவியானாலே போதும், மிச்சத் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு உங்கள் முகத்தில் அடிக்க. கந்தைத் துணியை மேலே போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. துணி கையைக் கொஞ்சம் காக்கலாம், கண்ணைக் காக்காது.

ஆகையால் குறைந்தது அரை மணி, கூடுமானால் முக்கால் மணி நேரம் காத்திருங்கள். மேல் ரப்பர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்து, அழுத்தினால் மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம்.

அப்படியும் ஒருவருக்கு வெந்நீர் பட்டுவிட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை பூசுவது, கீச்சாப் ஊற்றுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் காயத்தைக் கெடுக்கும் வேலை. முகத்திலோ கண்ணிலோ பட்டால் குளிர்வித்துக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

சாலையில் முள் ஏறினால்

சங்காட் ஜெரிங்கிலிருந்து கோலகங்சார் பக்கம் புக்கிட் பெராப்பிட் மேட்டில் சுமையோடு ஏறுகிறீர்கள். கீழ்க் கியர், மெதுவான ஓட்டம், முகத்தில் அடிக்கும் காற்றும் குறைவு. இயந்திரத்துக்கு வேலை அதிகம், குளிர்ச்சி குறைவு. மேக்ஸ்வெல் மலை என்று நாம் சொல்லும் புக்கிட் லாருட்டின் வளைந்த பாதையில் ஏறும் வண்டிக்கும் இதே சோதனைதான். அந்த மலையின் 1,250 மீட்டர் உயரத்தில் திறந்த பானையில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முள் நடுவிலிருந்து மேலே நகரத் தொடங்கும்போதே ஏர்கோனை நிறுத்துங்கள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுக்குங்கள். சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டாலோ, ஆவி வந்தாலோ, இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்ற ஆசைதான் பல இயந்திரங்களைக் கொன்றிருக்கிறது.

சூடான இயந்திரத்தின் மேல் வாளித் தண்ணீரை ஊற்றாதீர்கள். உள்ளேயும் குளிர்ந்த தண்ணீரைச் சட்டென்று விடாதீர்கள். காய்ந்த கண்ணாடியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகுமோ, அதுவே இரும்புக்கும் ஆகலாம்.

இன்னொன்று, முள் சொல்வதை எப்போதும் நம்ப முடியாது. சூட்டை அளக்கும் கருவி தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். தண்ணீர் வடிந்து, அந்த இடத்தில் காற்று நின்றால், இயந்திரம் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டும். முள் ஏறுவதும் சட்டென்று விழுவதுமாக ஆடினால், உள்ளே காற்று இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தண்ணீர் எங்கே போயிற்று?

லோரி கொதித்ததும் நாம் செய்கிற முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் மறுபடியும் கொதிக்கும். மறுபடியும் ஊற்றுவோம். காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போட்டுவிட்டு, நோய் தீர்ந்தது என்று சொல்வதைப் போன்றது இது. மூடி போட்ட அமைப்பில் தண்ணீர் குறையவே கூடாது. குறைந்தால், அது போன வழி ஒன்று இருக்கிறது. அந்த வழியைத் தேடுவதுதான் வைத்தியம்.

காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது தேடுங்கள். லோரி நின்ற தரையில் ஈரம் இருக்கிறதா? குழாய் பொருந்தும் இடங்களில் வெள்ளை, பச்சைக் கறை படிந்திருக்கிறதா? வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து ஒழுகிய தடம் தெரிகிறதா? ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா? மூடி தேய்ந்து அழுத்தத்தைத் தாங்காவிட்டால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து வெளியே தள்ளப்படும். விலை குறைந்த சாமான் அது. அதை மாற்றிப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறவரிடம் காரணம் கேளுங்கள்.

காலையில் மேல்குழாய் சப்பையாக ஒட்டிக் கிடந்தால், மூடியின் நடுவிலுள்ள சிறு வால்வு அடைத்துக்கொண்டது என்று பொருள். இயந்திரம் குளிரும்போது, பக்கத்துப் போத்தலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்க வேண்டிய வால்வு அது.

எப்போது சூடேறுகிறது என்பதும் ஒரு சாட்சி. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் காற்றாடியைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருக்கலாம், மின்காற்றாடியானால் மின்சாரம் வராமல் இருக்கலாம். நிற்கும்போது சரியாக இருந்து, மேட்டிலும் வேகத்திலும் ஏறினால், தண்ணீரின் ஓட்டமோ ரேடியேட்டரோ அடைபட்டிருக்கிறது. இயந்திரம் நன்கு சூடாகியும் மேல்குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. அல்லது தண்ணீரே அதுவரை வரவில்லை.

தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். கழற்றி, ஒரு சட்டியில் தண்ணீரோடு போட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். கொதிக்கும் நீரிலும் திறக்காவிட்டால் அதைத் தூக்கிப் போடுங்கள். ஆனால் தெர்மோஸ்டாட்டே வேண்டாம் என்று கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். சில இயந்திரங்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு இன்னும் கூடும். புதியதைப் பொருத்தும்போது, அதிலுள்ள சிறு ஊசித்துளை மேல்பக்கம் வரட்டும். காற்று தப்பிக்கும் வாசல் அது.

ரப்பர்க் குழாயைப் பற்றி நமக்குச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நாம் வெட்டிய பாலின் ரப்பர் லோரி டயரில் இருக்கிறது. ரேடியேட்டர்க் குழாயில் இல்லை. இக்காலக் குழாய்கள் பெரும்பாலும் வெந்நீரைத் தாங்கும் செயற்கை ரப்பரில் செய்யப்படுகின்றன. அந்த ரப்பருக்கு எண்ணெய் எமன். குழாய் எளிதாக நுழையட்டும் என்று எண்ணெய் தடவினால் அது ஊறி, உப்பி, கெட்டுவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

ஊற்றும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். ஈயக்குட்டைத் தண்ணீரும் வாய்க்கால் தண்ணீரும் ஆபத்துக்கு உதவலாம், அன்றாடத்துக்கு ஆகா. சேறும் உப்பும் உள்ளே படிந்து மெல்லிய குழல்களை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும், தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலக்க வேண்டும். "பனி விழாத நாட்டில் கூலண்ட் எதற்கு?" என்று கேட்கலாம். அது துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. நிறத்தைப் பார்த்து வெவ்வேறு கூலண்டைக் கலக்காதீர்கள். நிறம் தரத்துக்குச் சாட்சியல்ல. கூலண்ட் இனிக்கும், ஆனால் நஞ்சு. களைக்கொல்லியைப் பானப் போத்தலில் ஊற்றி வைத்ததால் தோட்டங்களில் நேர்ந்த துயரங்கள் நமக்குத் தெரியும். தாய்மார்களே, கூலண்டையும் அப்படி வைக்க விடாதீர்கள்.

காற்றை வெளியேற்றும் முறை

குழாய் மாற்றினாலும், ரேடியேட்டரைக் கழுவினாலும், தண்ணீர் முழுதும் கொதித்துப் போனாலும், உள்ளே காற்று புகுந்துவிடும். வாய் வரை ஊற்றி, "நிரம்பிவிட்டது" என்று மூடிவிடுகிறோம். நடுவில் காற்று முட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பம்பு தண்ணீரைத் தள்ளும். காற்றைத் தள்ளத் தெரியாது.

சிறு லோரிகளில் இந்தத் தொல்லை அதிகம். நிசான் வெனட், சுசுகி கேரி போன்ற வண்டிகளில் ரேடியேட்டர் முன்னே இருக்கிறது. இயந்திரம் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நீண்ட குழாய்கள் வளைந்து போகின்றன. வளைவின் மேட்டிலெல்லாம் காற்று தங்க இடம் உண்டு.

அடிப்படை விதி ஒன்றே. காற்று மேலே போகும். ஆகவே ஊற்றும் வாய்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்க வேண்டும். வாய் முன்பக்க ரேடியேட்டரில் இருந்தால், முன்சக்கரம் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். வாய் இருக்கைக்கு அடியில் இருந்தால், அது உயரமாக வரும்படி நிறுத்துங்கள். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

முதலாவது, இயந்திரம் முழுதும் குளிர்ந்திருக்க வேண்டும். வடித்த தண்ணீரை வாளியில் பிடித்து அளந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, வண்டியில் ஹீட்டர் இருந்தால் அதன் பிடியை முழுச் சூட்டுக்குத் திருப்பி வையுங்கள்.

மூன்றாவது, காற்றுத் திருகாணி எங்கே என்று தேடுங்கள். தெர்மோஸ்டாட் வீட்டின் மேலோ, நீண்ட குழாயின் மேட்டிலோ இருக்கும். அதைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் ஒன்றுக்கு மேற்பட்டவை உண்டு. சிலவற்றில் இல்லவே இல்லை. இல்லாவிட்டால், ஆக உயரமான குழாயின் கவ்வியைத் தளர்த்தி வழி விடலாம்.

நான்காவது, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். அவசரப்பட்டால் தண்ணீரே காற்றை அடைத்துவிடும். ஊற்றிக்கொண்டே ஒருவர் மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் கையால் பிசைந்து விட வேண்டும். குமிழி குபுகுபுவென்று வரும். திருகாணியில் குமிழியில்லாமல் தண்ணீர் வந்ததும் அதை முடுக்குங்கள். பல இருந்தால் தாழ்வானதை முதலில், உயரமானதைக் கடைசியில் மூடுங்கள்.

ஐந்தாவது, மூடி போடாமல் இயந்திரத்தைக் கிளப்பி, சும்மா ஓட விடுங்கள். முகத்தை வாய்க்கு நேரே நீட்டாதீர்கள். கழுத்துத் துண்டு, தளர்ந்த சட்டைக்கை எதுவும் காற்றாடி அருகில் போகலாகாது. மின்காற்றாடி இயந்திரம் நின்ற பிறகும் தானே சுழலும் என்பதை மறவாதீர்கள். பத்து இருபது நிமிஷத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும். தண்ணீர் மட்டம் சட்டென்று இறங்கும். அந்த அளவுக்கு ஊற்றுங்கள். மேல்குழாய் சூடாகி, பிறகு கீழ்க்குழாயும் வெதுவெதுப்பானால், தண்ணீர் சுற்றி வருகிறது என்று அறியலாம். இடையிடையே ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி விடுங்கள். குமிழி நின்றதும், தண்ணீர் பொங்கத் தொடங்குமுன்பே மூடியைப் போட்டுவிடுங்கள்.

ஆறாவது, பக்கத்துப் போத்தலில் இரு கோட்டுக்கும் நடுவே நிரப்புங்கள். சுமையில்லாமல் கமுந்திங் வரை போய்வந்து, இரவு முழுதும் குளிர விடுங்கள். மறுநாள் காலை பாருங்கள். போத்தலில் குறைந்திருந்தால், உள்ளே இருந்த மிச்சக் காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தது, அளவுக்கு நிரப்புங்கள். இரண்டு மூன்று நாளில் அது நிற்க வேண்டும்.

வடித்த அளவை எதற்கு அளக்கச் சொன்னேன் தெரியுமா? ஆறு லிட்டர் வடித்து, நாலு லிட்டர்தான் உள்ளே போயிற்று என்றால், இரண்டு லிட்டர் காற்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பால் நிறுவையில் கணக்குப் பார்த்த நமக்கு இந்தக் கணக்கு கடினமா என்ன?

ஒரு எச்சரிக்கை. எத்தனை முறை காற்றை எடுத்தாலும் குமிழி ஓயாமல் வருகிறதா? குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பிய சிறிது நேரத்திலேயே மேல்குழாய் கல்லாகிறதா? எண்ணெய் அளவுகோலில் பால்போல் வெள்ளை படிகிறதா? சூடான பிறகும் வெண்புகை வருகிறதா? அப்படியானால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எரியும் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அதை வீட்டு வாசலில் வைத்துத் தீர்க்க முடியாது. ஓட்டிக்கொண்டு போகாமல், இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். கேஸ்கெட்டோடு நிற்கும் செலவு, தொடர்ந்து ஓட்டினால் இயந்திரத்தின் தலை வளையும் செலவாகிவிடும்.

சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்களுக்கு

முதலாளியின் லோரியை ஓட்டும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. "நீதானே ஓட்டினாய், இயந்திரச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கிறேன்" என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, எந்தெந்தக் கழிவு செல்லும் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி நினைத்ததையெல்லாம் கழிக்க அதில் இடமில்லை. எதிலும் கையெழுத்திடுமுன் சங்கத்தில் கேளுங்கள்.

வேலைக்குத் தரும் கருவியைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருக்கும்போது வேலையிடத்திலிருந்து விலகும் உரிமையையும் தொழிலாளிக்குத் தந்திருக்கிறது.

ஆனால் உரிமை பேசுகிறவன் கையில் கணக்கும் இருக்க வேண்டும். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், எங்கே முள் ஏறியது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுதி வையுங்கள். அதே புத்தகம் மெக்கானிக்குக்கு நோயைக் காட்டும். பேச்சு வார்த்தை மேசையில் உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

தினமும் காலையில் ஐந்து நிமிஷம் போதும். போத்தலில் தண்ணீர், தரையில் ஈரம், பெல்ட்டின் இறுக்கம், குழாயின் உப்பல், ரேடியேட்டர் முகத்தில் சேறு என்ற ஐந்தையும் பார்த்துவிட்டுக் கிளப்புங்கள். உங்கள் மகன் லோரி ஓட்டத் தொடங்கும்போது, ஸ்டியரிங்கைக் கொடுக்குமுன் இந்த ஐந்தையும், சூட்டில் மூடியைத் தொடாதே என்ற விதியையும் அவனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் வெளியே நிற்கும் லோரியில் திருகாணி எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். இயந்திரம் குளிர்ந்திருக்கிறது, அருகில் வந்து கைவைத்துப் பார்க்கலாம்.